எஞ்சினைத் திறந்து பார்த்த பின்பே வெற்றி

படகுப் போட்டி என்றதும் நம்மவர்களின் மனக்கண்ணில் துடுப்பும் பாய்மரமுமே முதலில் தோன்றும். கரையோரக் கிராமங்களில் கோயில் திருவிழாவையும் புத்தாண்டையும் ஒட்டி நடைபெறும் வள்ளப் போட்டிகளைச் செய்தியாளன் என்ற முறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே தகராறு வந்தால் அது யார் முந்திப் புறப்பட்டார், எந்த வள்ளம் கம்பத்தைச் சுற்றாமல் திரும்பியது என்பது பற்றியதாகவே இருக்கும். வள்ளத்தைத் திறந்து பார்ப்பதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை. ஆனால் படகின் பின்பலகையில் கழற்றிப் பூட்டக்கூடிய அவுட்போட் மோட்டாரை வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் பொழுதுபோக்காகப் பந்தயம் ஓடுகின்ற அமெரிக்கர்களின் உலகத்தில் தகராறின் பெரும்பகுதி கரையில்தான் நடைபெறுகின்றது. எந்த எஞ்சின் எந்தப் பிரிவில் ஓடலாம், எதை உராயலாம், எதைத் தொடவே கூடாது என்று அவர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எனது பெறாமகன் ஒருவன் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்கிறான். தொழிலால் பொறியியலாளன். இந்தப் பைத்தியம் அவனைப் பிடித்து இருபது வருடங்களாகின்றன. அவனது சிறிய மன்றத்தில் அண்மையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதைப்பற்றி அவன் தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் பேசினான். கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்களூர்க் கோயில் நிர்வாக சபைக் கூட்டத்தின் அறிக்கையைக் கேட்பது போலவே இருந்தது. அதே கோபம், அதே பழைய கணக்குகள்.

எஞ்சின் விதி என்றவுடன் நான் நிமிர்ந்து உட்காருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடற்பரப்பில் மீனவர்கள் பயன்படுத்தும் வெளியிணைப்பு இயந்திரங்களின் குதிரை வலுவுக்குப் பாதுகாப்புத் தரப்பு வரம்பு விதித்திருந்தது. அதுபற்றிச் செய்தி எழுதியவர்களில் நானும் ஒருவன். எஞ்சின் மூடியில் எழுதப்பட்ட ஓர் இலக்கம், ஒரு குடும்பத் தலைவன் எவ்வளவு தூரம் கடலுக்குப் போகலாம், எந்த மீனைப் பிடிக்கலாம், காற்று மாறினால் எவ்வளவு விரைவில் கரை திரும்பலாம் என்பதையெல்லாம் நிர்ணயித்தது. மிச்சிகன் ஏரியொன்றில் யாருடைய வயிறும் பணயம் வைக்கப்படவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. ஆயினும், மூடியில் உள்ள இலக்கத்துக்கும் உள்ளே இருக்கும் வலுவுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதை எனக்கு முதலில் சொல்லித் தந்தவர்கள் அந்த மீனவர்கள்தாம்.

நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909 ஆம் ஆண்டு மில்வோக்கி நகரில் தமது அவுட்போட் மோட்டாரை விற்பனைக்கு விட்டார். ஒன்றரைக் குதிரை வலு; நிறை 62 இறாத்தல். அவருக்கு முன்பும் சிலர் இத்தகைய மோட்டார்களைச் செய்து விற்றிருந்தாலும், வியாபாரமாக வேரூன்றியது அவருடையதே. ஒருவர் தூக்கிச் சென்று எந்தப் படகிலும் பூட்டலாம் என்றானதும், இரண்டு பேர் ஒரே ஏரியில் சந்தித்துக்கொள்வதும் யாருடையது வேகமானது என்று பார்ப்பதும் தவிர்க்க முடியாதவையாயின. 1903 இலேயே தொடங்கப்பட்டிருந்த அமெரிக்க விசைப்படகுச் சங்கம் இந்தச் சிறிய படகுகளையும் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டு, சிலிண்டரின் கொள்ளளவை வைத்து அவற்றைப் பிரித்தது. ஏ பிரிவு என்றால் ஏறத்தாழ 15 கன அங்குலம். பி என்றால் 20. சி என்றால் 30. டி என்றால் 40. வலுவை அளப்பதற்குக் கருவி வேண்டும், பொய் சொல்லவும் இடமுண்டு. கொள்ளளவை ஓர் அளவுகோலும் கூட்டல் பெருக்கலும் தெரிந்த எவரும் அளந்துவிடலாம். அந்த அளவில் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால் கொள்ளளவு மட்டுமே விதி என்றால், அந்தக் கொள்ளளவுக்குள் எவ்வளவு பணத்தைக் கொட்டலாம் என்பதே போட்டியாகிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அதுதான் நடந்தது. மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் குடித்து ஓடும் தனிப் பந்தய எஞ்சின்கள் வந்தன. மீன்பிடிக்கவென்று கடையில் மோட்டார் வாங்கிய சாதாரண மனிதன் கரையில் நின்று கைதட்டுபவனானான். போர் முடிந்தபின் அந்த மனிதனை மறுபடி தண்ணீரில் இறக்குவதற்காகவே ‘ஸ்டொக்’ என்ற பிரிவு உருவாயிற்று. கடையில் எப்படி விற்கப்படுகிறதோ அப்படியே, சாதாரண பெற்றோலில் ஓட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

எஞ்சின் உற்பத்தியாளர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா? கார்ல் கீக்ஹேஃபர் என்பவர் 1939 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கி ‘மேர்க்குரி’ மோட்டார்களைச் செய்யத் தொடங்கினார். 1947 இல் அவர் விற்பனைக்கு விட்ட ‘லைட்னிங்’ என்ற மோட்டாருக்கு 10 குதிரை வலு என்று சொல்லப்பட்டது. அதை வாங்கி ஓடியவர்கள் எவரும் அந்தப் பத்தை நம்பவில்லை. உள்ளே அதைவிடக் கணிசமாக அதிகம் இருந்தது. ஆக, ஏழை மனிதனுக்கென்று உருவாக்கிய பிரிவில் முதலில் ஆதாயம் கண்டவர், ‘கடையில் விற்பது’ என்ற சொற்றொடருக்குள் பந்தய எஞ்சினை ஒளித்து வைக்கத் தெரிந்த வியாபாரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய எஞ்சினை ஆலைத் தொழிலாளியும் வாங்க முடிந்தது. ஆண்டுக்கணக்கில் ஸ்டொக் பந்தயம் செழித்ததற்கு அந்தத் தந்திரமும் ஒரு காரணம்.

2011 யூலையில் பெறாமகனிடம் போயிருந்தபோது, அவன் என்னை ஒரு பந்தயத்துக்கு அழைத்துச் சென்றான். இரண்டு பக்கமும் மிதவைக் கன்னங்கள் வைத்து, அடியில் காற்றை வாங்கிக்கொண்டு நீரை ஏறத்தாழத் தொடாமலே பறக்கும் ‘ஹைட்ரோ’ படகுகள் ஒரு வகை. தட்டையான அடிப்பாகத்துடன், ஓட்டுபவர் முழங்காலில் நின்று உடலைச் சாய்த்துத் திருப்பும் ‘ரன்அபவுட்’ இன்னொரு வகை. மணிக்கு 60, 70 மைல் வேகத்தில், ஒரு சாப்பாட்டு மேசையின் அகலமுள்ள பலகையில் மனிதர்கள் முழங்காலிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஒரு செய்தியாளனுக்கு அதைவிடச் சுவையான காட்சி ஓட்டம் முடிந்தபின் காத்திருந்தது. முதலாவதாக வந்தவர் கைகளை உயர்த்திக் கொண்டாடவில்லை. நேராகத் தராசுக்குப் போனார். படகும் ஆளும் சேர்ந்து குறைந்தபட்ச நிறைக்குக் கீழே போய்விடக்கூடாது. பின்னர் எஞ்சினைக் கழற்றி ஒரு கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். அங்கே வெள்ளைத் தலை மனிதர் ஒருவர் கையில் அளவுகருவிகளுடனும் முன்னால் தடித்த ஒரு புத்தகத்துடனும் உட்கார்ந்திருந்தார். சிலிண்டரின் வாய்களின் உயரம், காபரேட்டரின் உட்துளை, பிஸ்டனின் அளவு என்று ஒவ்வொன்றாக அளந்தார். ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் மிகுந்திருந்தாலும் வெற்றி போய்விடும்.

“பெரியப்பா, எஞ்சினைத் திறந்து பார்க்காமல் இஞ்சை ஒருத்தரையும் வெண்டவர் எண்டு சொல்லமாட்டினம்” என்றான் பெறாமகன்.

இத்தனை காவல் இருந்தும், ஏய்ப்பு என்று சொல்ல முடியாத ஏய்ப்புகள் உண்டு. தொழிற்சாலை எந்தப் பாகத்தையும் ஒரே அளவில் வார்ப்பதில்லை. சிறிதளவு கூடுதல் குறைவு இருக்கும். விதிப் புத்தகமும் அந்தக் கூடுதல் குறைவுக்கு இடமளிக்கிறது. வசதி படைத்தவர் பத்து சிலிண்டர்களை வாங்கி, அனுமதிக்கப்பட்ட எல்லையின் விளிம்பில் நிற்கும் ஒன்றைத் தெரிவு செய்கிறார். பிஸ்டனையும் அப்படியே, காபரேட்டரையும் அப்படியே. எல்லாமே தொழிற்சாலையில் வார்த்தவை, எல்லாமே சட்டப்படியானவை. ஒரேயொரு எஞ்சினை வாங்கி அப்படியே பூட்டிய மனிதர் அவருக்குப் பின்னால் தெறிக்கும் நீரைக் குடித்துக்கொண்டு வருகிறார். அப்படியானால் உராய்ந்து திருத்துவதையே அனுமதித்துவிடலாமே, ஓர் அரத்தின் விலை பத்து சிலிண்டரின் விலையைவிடக் குறைவல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அரம் கையிலிருந்தால் போதாது, எங்கே உராய்வது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தவர்கள் காசு கேட்பார்கள். ‘மொடிஃபைட்’ என்று இதற்காகவே தனிப்பிரிவு வைத்துப் பார்த்தாயிற்று. அங்கும் வாதம் ஓயவில்லை. எதுவரை என்பதே அங்குள்ள வாதம்.

இப்படி ஒவ்வொரு வாதமும் ஒரு புதிய பிரிவைப் பெற்றெடுத்திருக்கிறது. ஸ்டொக், மொடிஃபைட், தனிப் பந்தய எஞ்சின்களுக்கானவை, சிறுவர்களுக்கானவை. அநேகமாக ஒவ்வொன்றிலும் ஹைட்ரோவுக்கு ஒன்று, ரன்அபவுட்டுக்கு ஒன்று. யாரையும் மனம் நோகச் செய்யாமலிருப்பதற்கு மிக இலகுவான வழி, அவருக்கென்று ஒரு பிரிவை உண்டாக்கிக் கொடுப்பதே. நமது அரசியல் கட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதன் விலை பின்னர்தான் தெரியும். ஓர் ஓட்டத்தில் முதலாவதாக வருபவருக்கு 400 புள்ளிகள், அடுத்தவர்களுக்கு 300, 225, 169, 127 என்று இறங்கிச் செல்வது அவர்களது வழமையான கணக்கு. பன்னிரண்டு படகுகளை முந்தினாலும் 400 தான். மூன்றே படகுகள் வந்து, ஒன்று பழுதாகி, மற்றது கவிழ்ந்தாலும் 400 தான். ஓர் ஏரிக்கு முப்பது படகுகள் வருகின்றன, பிரிவுகள் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் மூன்று மூன்று படகுகளாக ஓடிக்கொண்டிருக்கும். ஊர்ச்சனம் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும்.

பிரிவை உண்டாக்குவது எளிது, ஒழிப்பதுதான் கடினம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வேகச் சாதனைகளும் சம்பியன்களும் இருக்கின்றன. பிரிவை ஒழித்தால் அந்தச் சாதனைகள் அநாதைகளாகிவிடும். அந்தப் பிரிவுக்கென்றே வாங்கிய எஞ்சினும் படகும் கொட்டிலில் தூசு படியும்.

பெரிய பந்தயங்களில் இத்தகைய சண்டை எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில், அவுட்போட் பந்தயத்தின் உச்சமான ஃபோர்முலா வன் போட்டிகளில், ஜோன்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்த ஓஎம்சி நிறுவனம் 3.5 லீற்றர் வி8 எஞ்சினைக் களமிறக்கியது. மேர்க்குரி தரப்பு 2 லீற்றர் எஞ்சினுடன் நின்றது. எந்தப் பிரிவு உண்மையான முதற்தரம் என்பதில் விளையாட்டே இரண்டாகப் பிளந்தது. 1984 இல் ஓட்டுநர்கள் பலர் உயிரிழந்தனர். பெரிய எஞ்சின்களின் பிரிவு ஒரு சில ஆண்டுகளில் மறைந்தது. 1990 இல் இரண்டு லீற்றர் தொடரே ஃபோர்முலா வன் என்ற பெயரைப் பெற்றுக்கொண்டது. அங்கே நிறுவனங்களின் பணம் இருந்தது. பொழுதுபோக்காளர்களிடம் அதுவும் இல்லை.

ஆனால் அவர்களை உண்மையில் நெருக்கியது விதிப் புத்தகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1996 இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அவுட்போட் எஞ்சின்களின் புகைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1998 முதல் 2006 வரை படிப்படியாக அது இறுகியது. பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய காபரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சின், எரியாத எரிபொருளின் ஒரு பகுதியை அப்படியே தண்ணீரில் கக்கும். ஏரியில் குளிப்பவனும் மீன்பிடிப்பவனும் அதைச் சகிக்க வேண்டியதில்லை, சட்டம் நியாயமானதே. அதன் விளைவாகக் கடைகளில் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அருகி மறைந்து, பாரம் கூடிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. இதற்கிடையே 2000 டிசெம்பரில் ஓஎம்சி வங்குரோத்தானது. எவின்ரூட் என்ற பெயர் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2020 இல் அந்த மோட்டார்களின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது.

இங்கேதான் சிக்கல். ‘கடையில் விற்பது போலவே’ என்று தொடங்கிய ஸ்டொக் பிரிவுகள் பலவற்றில், இன்று அந்த எஞ்சினை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஏழையின் எஞ்சின் சேகரிப்பாளரின் பொருளாகிவிட்டது. இறந்துபோன ஒருவரின் கொட்டிலைத் துப்புரவாக்கும் செய்தி கிடைத்தால் மூன்று மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருவார்களாம், சில பிஸ்டன்களுக்காக. இதைக் கேட்டபோது எனக்கு முல்லைத்தீவுக் கரை நினைவுக்கு வந்தது. ஆசிய, ஆபிரிக்க மீனவர்களுக்கென்று அதே குலத்தைச் சேர்ந்த எளிய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் தொடர்ந்து செய்யப்படுகின்றன. நமது கரைகளில் அவை மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அவன் தேடித் திரிகின்ற அரும்பொருளின் ஒன்றுவிட்ட சகோதரம் இங்கே மணலில் சாய்ந்து கிடக்கிறது.

அமெரிக்கர்களுக்கு ஒரு பகுதி விமோசனம் எதிர்பாராத இடத்திலிருந்து, யப்பானிலிருந்து வந்தது. அங்கே 1952 இல் நாகசாகி மாகாணத்தின் ஓமுரா நகரில் தொடங்கிய அவுட்போட் பந்தயம் இன்று 24 திடல்களில் நடக்கும் பெரும் சூதாட்டத் தொழில். ஆறு படகுகள், மூன்று சுற்று, 1,800 மீற்றர். காசு கட்டுபவர்களின் நம்பிக்கை போனால் தொழில் போய்விடும் என்பதால், எஞ்சின் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட தீர்வு அலாதியானது. எஞ்சினும் படகும் திடலுக்குச் சொந்தமானவை. ஒவ்வொரு போட்டித் தொடருக்கும் முன்னர் ஓட்டுநர்கள் சீட்டிழுத்து எஞ்சினைப் பெறுகிறார்கள். முந்திய ஓட்டங்களில் எந்த எஞ்சின் எப்படி ஓடியது என்ற கணக்கு அச்சிடப்பட்டுக் காசு கட்டுபவர் கையில் இருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே ஓட்டத்தில் ஓடலாம். குறைந்தபட்ச நிறை மட்டும் வேறு. ஆண்டுக்கொருமுறை எஞ்சின்களை மாற்றுகிறார்கள். அப்படிக் கழிக்கப்பட்ட ‘யமாட்டோ’ எஞ்சின்கள் பசிபிக்கைக் கடந்து வந்து அமெரிக்க ஸ்டொக் பந்தயத்தில் நெடுங்காலம் ஓடியிருக்கின்றன.

அத்தனை கட்டுப்பாடு உள்ள யப்பானிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது. 1988 முதல் ஓட்டுநர்கள் தங்கள் சொந்தப் புரொப்பெல்லரைக் கொண்டுவர அனுமதிக்கப்பட்டார்கள். சுத்தியலால் தட்டித் தட்டி அதன் வளைவைச் சீர்செய்வது ஒரு தனிக்கலையானது. குழுக்கள் சேர்ந்து ஆராய்ந்தன. கடைசியில் 2012 இல் அந்த முறையைக் கைவிட்டு, புரொப்பெல்லரையும் திடலின் சொத்தாக்கிவிட்டார்கள்.

“அப்படியென்றால் உங்கள் மன்றமும் பத்து எஞ்சின்களை வாங்கி வைத்துச் சீட்டிழுத்தால் என்ன?” என்று பெறாமகனிடம் கேட்டேன். எனக்கு அது மிகவும் நேர்மையான வழியாகப் பட்டது.

“சீட்டிழுத்துத் தாற எஞ்சினோடை ஓடுறதெண்டால், பெரியப்பா, நான் வீட்டிலை கிடந்து ரீவி பாப்பன்” என்றான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த மனிதர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் சில நிமிடங்களே. குளிர்காலம் முழுவதும் கராஜில் எஞ்சினோடு மல்லுக்கட்டுவதே மீதி. அந்தச் சுகத்தைப் பறித்துவிட்டு நீதியை மட்டும் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்? ஆனால் கராஜின் சுகத்துக்கு முழு உரிமையும் கொடுத்தால், கராஜ் இல்லாதவன் வரமாட்டான். என்னைக் கேட்டால், எவர் பக்கம் சாய்வதென்று தடுமாறும்போது இன்னும் உள்ளே வராதவனின் பக்கம் சாய வேண்டும் என்பேன். பிரிவுகளைக் குறைக்க வேண்டும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ஓர் எஞ்சினை உள்ளே விட்டு, அது பழையவற்றை விழுங்கிவிடாதபடி காற்றுப் புகும் வழியில் துளையிட்ட தகடு வைத்தோ நிறையைக் கூட்டியோ மட்டுப்படுத்த வேண்டும். அந்தச் சமன்பாடு ஒருநாளும் எல்லாருக்கும் திருப்தி தராது. வென்றவனின் தகட்டுத் துளை பெரிது என்று தோற்றவன் சொல்லிக்கொண்டே இருப்பான். சொல்லட்டும். சொல்வதற்காகவாவது பன்னிரண்டு பேர் கரையில் நிற்பார்கள்.

பெறாமகனின் பிரேரணையும் ஏறத்தாழ இதுவேதான். ஆள்வரவு குறைந்த இரண்டு உள்ளூர்ப் பிரிவுகளை ஒன்றாக்கி, ஒரு புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை ஒரு பருவத்துக்குப் பரீட்சார்த்தமாக அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். எதிர்த்துப் பேசியவர், நான் அன்று கூடாரத்தில் கண்ட அதே வெள்ளைத் தலை மனிதர். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த எஞ்சின்களும் பாகங்களும் அவரிடம் இருக்கின்றன. மன்றத்தில் யாருடைய எஞ்சின் பழுதானாலும் அவருடைய கொட்டில்தான் ஆஸ்பத்திரி, காசு வாங்குவதில்லையாம். இந்த எஞ்சின்களை வெளியே தள்ளினால் என்னையும் தள்ளியதாகும் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் சிலர் கண்கலங்கினார்கள் என்று பெறாமகனே ஒத்துக்கொண்டான். பிரேரணை நான்கு வாக்குகளால் தோற்றது.

அவனது மகளுக்கு ஒன்பது வயது நிறைகிறது. சிறுவர் பிரிவில் ஓடுவதற்கு உரிய வயது அது. தலைக்கவசமும், புரொப்பெல்லர் வெட்டினாலும் கிழியாத உடுப்பும் வாங்கியாயிற்று. எஞ்சின்தான் இல்லாதிருந்தது. வாக்கெடுப்பு முடிந்த அடுத்த கிழமை, அவன் அந்தப் பெரியவரின் கொட்டிலுக்கே போய், தன்னைவிட வயது கூடிய இரண்டு எஞ்சின்களை வாங்கி வந்திருக்கிறான். ஒன்று ஓடுவதற்கு, மற்றது பாகங்களுக்கு. பெரியவர் தாமே காபரேட்டரைத் துப்புரவு செய்து, தகட்டின் துளையை அளந்து பார்த்துக் கொடுத்தாராம்.